மாஸ்டர் அளந்த இரைச்சல்

நண்பர்களே, யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று கைகூப்பி உறுதியளிக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு நம்பாமல் இருப்பது பழக்கம்தான்.

ஹட்டன் தேநீர்க்கடையில், மழைவெள்ளத்தில் ரயில் நீந்தியே வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பெனடிக்ட் மாஸ்டரின் மகள்.

"அங்கிள், அப்பா போயிட்டாங்க."

என் ரயில் அப்போது றொசல்லை ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லை. இன்னும் அங்கேயே நிற்கிறது.

எங்கள் பாடசாலையில் அவர் விஞ்ஞானம், நான் தமிழ். வானத்திலிருந்து தாழ்ந்த அதிர்வெண்ணில் வரும் வானொலி அலைகளின் செறிவை அளப்பது அவருடைய பித்து. வீட்டுக்குப் பின்னால் நீளக் கம்பி கட்டியிருந்தார்; அதில் மாட்டிய ரேடியோப் பெட்டி பற்றரியில் ஓடும். மின்சாரம் இருந்தால் தோட்டத்துப் பல்புகளெல்லாம் அதற்குள் இரைச்சல் போடும். ஆகவே கரண்டு போனதும் ஊரே திட்ட, மாஸ்டர் மட்டும் கல்யாண மாப்பிள்ளைபோல் வீட்டுக்கு ஓடுவார். அந்த வேகத்தில் மூன்று தேயிலைச் செடிகள் வேரோடு சாய்ந்ததை நானே பார்த்தேன்.

கொழுந்து பறிக்கும் ராக்கம்மா ஒருநாள் கேட்டார்: "வானத்த எப்படிங்க மாஸ்டர் நிறுப்பீங்க?"

"அளவு தெரிஞ்ச இரைச்சல் போடுற பெட்டி ஒண்ணு இருக்குங்க. அதோட ஒப்பிட்டா வானம் எத்தனை மடங்குன்னு பாப்பேன். ரேடியோவோட சொந்த இரைச்சலக் கழிச்சிருவேன்."

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் எடை கழிக்கப்படுகிறவர் ராக்கம்மா. "அடப்பாவமே, வானத்துக்கும் கழிவு வெட்டுறீங்களா!" என்றார். மாஸ்டர் ஒரு வாரம் சிரித்தார்.

நான் எதை அளந்துவிட்டாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எதோட ஒப்பிட்டுங்கண்ணே?" என் எத்தனையோ கதைகள் அந்தக் கேள்வியில் விழுந்து செத்திருக்கின்றன.

சென்ற மாதம் பாடசாலைப் படியில் பாதியில் நின்றார்.

"நெஞ்சு கொஞ்சம் இறுக்குதுங்கண்ணே."

நான் விடுவேனா? "எதோட ஒப்பிட்டுங்க மாஸ்டர்?"

அவர் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் விடை சொல்லாத மனிதர்.

"போன மாசத்தோட ஒப்பிட்டா ரெண்டு மடங்குங்க."

படிக்கட்டு அதிரச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆசிரியர் அறையில் அதை நடித்தும் காட்டினேன். டாக்டரிடம் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வேறு வேலையில் இருந்தது.

அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். இப்போது வாயைத் திறந்தாலே அது முன்னால் வந்து நிற்கிறது.

நீந்திய ரயிலும் சாய்ந்த செடிகளும் பொய். அந்த "ரெண்டு மடங்கு" மட்டும் உண்மை. அதை அளந்தவர் அவர்.