கே.கே. நகரில் ஒரு கீழ்வீடு

போன வருஷம் சித்திரையில் என் கணவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தால்தான் நடக்க முடியும், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருந்தது ஒத்தக்கடையில், மாடியில். பிசியோதெரபி கிளினிக் கே.கே. நகரில். காலையில் அவரைப் படியிறக்கி, ஆட்டோவில் ஏற்றி, கிளினிக்கில் விட்டு, ஆபீஸுக்கு ஓடி, மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு மறுபடி ஓடி வருவேன். மூன்றாவது வாரம் இரண்டு பேருமாகப் படியில் உருண்டோம். கிளினிக் பக்கத்தில் ஒரு கீழ்வீடு கிடைத்தால் இந்த மனுஷன் நடந்துவிடுவார், கிடைக்காவிட்டால் இல்லை. எனக்கு அன்றைக்கு அது தெளிவாகிவிட்டது.

உடனே தலைவர் ஞாபகம்தான் வந்தது. கட்சித் தலைவர் இல்லை, ஓர் அறக்கட்டளையின் தலைவர். பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் எங்கள் கிராமத்தில் ஊர் தனி, காலனி தனி. வயல் ஊர்க்காரர்களுடையது, அதில் களையெடுத்தவர்கள் காலனிக்காரர்களான நாங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் தலைவர் காலனிக்கு வந்து பந்தல் போட்டு, பிள்ளைகளுக்கு யூனிஃபார்மும் நோட்டும் கொடுப்பார். என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்ததும் அவர்தான். நான் அதை மறக்கவில்லை. மறக்க அவரும் விட்டதில்லை. வருஷா வருஷம் என்னை மேடையில் பக்கத்தில் நிறுத்தி, களையெடுத்தவர் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு கவர்மெண்ட் ஆபீஸில் சூப்பிரண்டு என்று மைக்கில் சொல்வார். சொல்லும்போது நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கும். அவர் பொய்யர் இல்லை. என் ஆத்திரமே அதுதான். பொய்யராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கே.கே. நகரில் அவர் குடியிருந்தது மாடியில். கீழ்வீடு காலி, கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. கிளினிக்கிலிருந்து நாலே வீடு தள்ளி.

எங்கள் ஆட்கள் டவுனில் வீடு தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சொந்த ஊர் எது என்று வீட்டுக்காரர் கேட்பார். மேலூர்ப் பக்கம் என்போம். மேலூரில் எங்கே, எந்தத் தெரு, யார் வகையறா என்று அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். கடைசிப் படிக்கு அவர் வருவதற்குள் நாம் பேச்சை மாற்றிவிட வேண்டும். இதில் என் தங்கச்சி கெட்டிக்காரி. தெரிந்தவர் வீட்டுக்குப் போகாதே, தெரியாத ஆளாகப் பார் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அவரிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, கௌரவமாகப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவியே காபி கொண்டுவந்து கொடுத்தார். என் கணவரைப் பற்றி இரண்டு பேரும் அத்தனை அக்கறையாக விசாரித்தார்கள். நான் வீட்டுப் பேச்சை எடுத்தேன். அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“உனக்கு இல்லாததாம்மா?” என்று ஆரம்பித்தார் தலைவர். இப்படி ஆரம்பிக்கிற பேச்சு இல்லை என்றுதான் முடியும். வீட்டில் விரதம், பூஜை எல்லாம் உண்டு என்றார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் தெருவில் நாலு விதமான மனிதர்கள் இருக்கிறார்கள், யாராவது ஒரு வார்த்தை சொல்லி என் மனசு சங்கடப்பட்டால் அவரால் தாங்க முடியாதாம். என் சங்கடத்தின் மேல் அவருக்கு அம்புட்டு அக்கறை! அதோடு விட்டாரா? ஆறு மாசமும் போக வர ஆட்டோ அவர் செலவு, நான் ஒத்தப் பைசா கொடுக்கக் கூடாதாம். வாடகை தருகிறேன் என்று வந்தவளிடம் வாங்க மனசில்லை, கையிலிருந்து போட்டுக் கொடுக்க மனசிருக்கிறது. இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“சார், நான் உதவி கேட்டு வரல. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தேன்” என்றேன். அவர் எழுந்து வந்து கேட் வரைக்கும் வழியனுப்பினார். ஆட்டோவை நான் ஏற்கவில்லை.

அதற்கப்புறம் தங்கச்சி வழிக்கே வந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மா வீடு. சொந்த ஊர் திருப்பரங்குன்றம் என்றேன், ஒரு தெருப் பேரையும் சொன்னேன். நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னேன். மறுவாரமே குடிபோனோம். டீச்சரம்மா நல்ல மாதிரி. வெள்ளிக்கிழமை சுண்டல் வரும். என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கு எத்தனை அடி நடந்தீர்கள் என்று கேட்பார். நான் மட்டும் வாயைத் திறக்கும்போதெல்லாம் பயந்தேன். என் அம்மாவுக்கு மறைத்துப் பேசத் தெரியாது என்பதால், நீ இங்கே வர வேண்டாம் என்று பெற்றவளிடமே சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் என் கணவர் கம்பு இல்லாமல் ஹாலிலிருந்து கேட் வரைக்கும் நடந்தார். டீச்சரம்மா கோலத்தை அப்படியே விட்டுவிட்டுக் கை தட்டினார். நான் அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாக்கிங் வந்த தலைவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். ஓடி வந்து என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. வேண்டாம், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவருக்கு எங்கே புரிந்தது? டீச்சரம்மா பக்கம் திரும்பினார்.

“இது நம்ம புள்ளைங்க. மேலூர்ப் பக்கம் காலனியில இருந்து நாங்க படிக்க வச்சு ஆளாக்குன புள்ள. எம்புட்டுக் கஷ்டத்துல இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.”

டீச்சரம்மா சிரித்தபடியே தலையாட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். மகன் வெளியூரிலிருந்து வருகிறான், மாசக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

காலி செய்வதற்கு முதல் நாள் தலைவர் போன் பண்ணினார். ஒத்தக்கடைக்கே திரும்பிப் போகிறோமாமே, எதனால் என்று கேட்டார். தெரியாமல்தான் கேட்டார், சத்தியமாக. நான் காரணம் சொல்லவில்லை.

“சார், உங்க கீழ்வீட்டுக்கு இன்னும் யாரும் வரலல்ல?” என்று மட்டும் கேட்டேன்.



“சாமான் ஏத்த வண்டி நான் அனுப்புறேம்மா” என்றார். “காலைல எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?”