தை மாதம் ரொறொன்ரோ

திங்கட்கிழமை காலை ஏழு பத்து. அறைக்கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. இடுக்கில் முதலில் தெரிந்தவை வாழைப்பழப் பெட்டிகள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடையின் சுவரோரமாக என் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. அப்பா மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை செய்தார். வீடு மாறுவதற்கு வாழைப்பழப் பெட்டியை மிஞ்சிய பெட்டி இல்லை என்பது அவர் கருத்து. பிடிக்கத் துளை இருக்கிறது, அடி கழலாது.

அது செப்டம்பர் நடுப்பகுதி, 2000களின் முதற்பாதி. நகரின் நடுவிலிருந்த ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டைத் தொடங்கியிருந்தேன். எடுத்த பாடத்தை விடுவதற்கு அந்த வாரம்தான் கடைசி.

குசினியில் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தா.

"பிள்ளை, தை மாசம் போறம்," என்றார் அப்பா. "அண்ணை எங்களுக்கெண்டு பேஸ்மென்டைத் திருத்திறார்."

"போன வருசமும் தை எண்டுதான் சொன்னீங்கள்."

"போன வருசம் அண்ணைக்கு ஒபரேசன்."

"அதுக்கு முந்தின வருசம்?"

அம்மா திரும்பாமலே சொன்னா: "அதுக்கு முந்தின வருசம் ஸ்நோ. இஞ்ச மட்டும்தானே பெய்தது."

அப்பா இன்னொரு வாய் தேநீர் குடித்தார். அண்ணை என்று அவர் சொன்னது ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த என் பெரியப்பாவை. அப்பாவைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் செய்யாதவர், ஆனால் வந்த நாளிலிருந்து அவரை நடத்தியவர். மொன்றியலில் இறங்கியது ஒரு தற்செயல், இருப்பது ஒரு தங்கல், குடும்பம் என்றால் ரொறொன்ரோவில் என்பது அவர் வாக்கு. எங்கள் வீட்டில் அந்த வாக்கின்படிதான் எல்லாம் நடந்தன. சாப்பாட்டு மேசை வாங்கவில்லை, போகும்போது சுமை. அம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் போகவில்லை, அங்கே அது எதற்கு. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் தெருவில் பாதித் தமிழ் வீடுகள் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் ஒன்றிரண்டு குடும்பங்கள் லொறி பிடித்துப் போய்விடும். மிச்சப்பேர் நடைபாதையில் நின்று கையசைத்துவிட்டு, தாங்களும் அடுத்த முறை என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவார்கள்.

"புதுசா ஒரு கோர்ஸ் எடுத்திருக்கிறாயாமே, அதை விடு," என்றார் அப்பா. "அண்ணை அங்க யூனிவேர்சிற்றிக்கு நேர போய் விசாரிச்சவர். முதலாம் வருசப் பாடங்களைத்தான் எண்ணுவினமாம். மிச்சத்தைத் திரும்ப முதலிலயிருந்து படிக்கச் சொல்லுவினமாம். சும்மா ஏன் மினக்கெடுவான்? கணக்கு, எக்கொனொமிக்ஸ் எண்டு எங்கயும் செல்லுறதா எடு."

நான் விடவேண்டியிருந்தது மின்காந்தப் புலங்கள் என்ற பாடம். மின்பொறியியலில் பாடங்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. புலங்களில் சித்தியடையாதவரை மின் இயந்திரங்கள் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். இயந்திரங்கள் இல்லாமல் மின்செலுத்துகை இல்லை. புலங்கள் இலையுதிர் பருவத்தில் மட்டும், இயந்திரங்கள் குளிர்ப் பருவத்தில் மட்டும். இரண்டையும் அந்த ஒழுங்கில் எடுத்தவர்களுக்குத்தான் கோடையில் மின் நிறுவனங்களில் பயிற்சி வேலை. நேர்காணல் குளிர்ப் பருவத்தின் நடுவில்.

அந்தப் பயிற்சிக்காகத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். பள்ளியில் படித்தபோது உறைமழை பெய்து நகரம் நாட்கணக்கில் இருளில் கிடந்தது. உயர் அழுத்த மின்கோபுரங்கள் பனிப்பாரத்தில் மடங்கிக் கிடந்த படங்கள் பத்திரிகையில் வந்தன. ஒரு கோபுரம் விழும்போது அடுத்ததை ஏன் இழுத்துக்கொண்டு விழுகிறது என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை துறையின் ஆலோசகரிடம் போனேன். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண். திரையைப் பார்த்தபடி கேட்டார்: "தரமாகத்தானே செய்கிறீர்கள். ஏன் விடுகிறீர்கள்?"

"குடும்பம் ரொறொன்ரோவுக்குப் போகிறது."

"எப்போது?"

"ஜனவரியில்."

"வீட்டுக்காரருக்கு அறிவித்துவிட்டீர்களா? குத்தகை ஜூன் வரைக்கும் இருக்குமே?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதை விட்டால் இதற்குப் பின்னால் வருகிற இரண்டும் தாமாக விழும். பயிற்சித் திட்டத்திலிருந்து உங்களை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்ப்பதில்லை. இதை அப்பாவுக்குச் சொன்னீர்களா?"

சொல்லியிருந்தேன். நான்கு இரவுகள் சொல்லியிருந்தேன். அப்பா ஒவ்வொரு முறையும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அண்ணை பொய் சொல்லுவாரே?" பெரியப்பா சொன்னதை நான் சரிபார்க்கப் போவது அவரைப் பொய்யர் என்பதாகிவிடும் என்றார். அந்தச் சொல் என்னைக் கட்டிப்போட்டது. ரொறொன்ரோவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் தெரிந்துவிடக்கூடிய விடயத்தை, குடும்ப மரியாதை என்ற பெயரில், பத்தொன்பது வயதில் நான் கேட்காமல் விட்டேன். பல்கலைக்கழகக் கணினி அறையில் பாடத்தின் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். திரை ஒரு முறை கேட்டது, நிச்சயம்தானா என்று. வீட்டில் அப்படி ஒருவரும் கேட்கவில்லை.

தை வந்தது. பெரியப்பா பேஸ்மென்டை ஒரு புதுமணத் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். "சித்திரையில வீட்டை விட்டு எழும்பிடுவினம்," என்றார். நேர்காணல் வாரத்தில் என்னோடு படித்தவர்கள் கோட்டும் சூட்டுமாக வகுப்புக்கு வந்தார்கள். ஒருத்தி பெண்கள் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் தன்னை அறிமுகம் செய்து பழகினாள். நான் பொருளியல் வகுப்பில் உருளைக்கிழங்கின் தேவைக்கும் விலைக்குமான கோட்டை வரைந்தேன்.

பங்குனியும் போனது. எங்கள் மாகாணமான கியூபெக்கில் வீட்டை விடுவதானால் மார்ச் முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் குத்தகை தானாகவே இன்னொரு ஆண்டுக்கு நீளும். ஏப்ரலில் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், கொடுத்தீர்களா என்று.

"என்னத்துக்கு இப்ப? அண்ணை நாளைச் சொல்லட்டும், பேந்து பாப்பம்."

அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டை இழக்கும்படியான எதையும் அவர் ஒரு ஆண்டும் செய்ததில்லை. வேலையை விடப்போவதாகக் கடையில் சொன்னதில்லை, தொலைபேசியை வெட்டியதில்லை, மருத்துவரை மாற்றியதில்லை. ரொறொன்ரோவுக்குப் போவதற்காக எங்கள் வீட்டில் உண்மையிலேயே விடப்பட்ட ஒரே பொருள் என் பாடம். பெட்டிகளைக்கூட அம்மா வெங்காயம் போட எடுத்துக்கொண்டா.

நான் அன்று கத்தவில்லை. கத்தியிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அப்பாவைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தில் அவருடைய உழைப்பைச் சொல்வது வழக்கம். விடிய நாலு மணிக்கு எழும்பினார், குளிரில் பெட்டி இறக்கினார். உண்மை. அதனால் என் கோபம் குறையவில்லை. உழைத்தவர் பிழையாக முடிவெடுத்தாலும் அது பிழைதான். அதன் விலையை இன்னொருத்தர் கொடுத்தார்.

அடுத்த செப்டம்பரில் புலங்கள் பாடத்துக்கு மறுபடி பதிந்தேன். இரண்டாவது கிழமை அப்பா தொடங்கினார், தை மாதம் என்று. நான் மாட்டேன் என்றேன். அவர் பேசாமல் எழும்பிப் போய்ப் பெரியப்பாவுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்.

"என்ன மகள், கொப்பர் சொல்றதைக் கேக்கிறேல்லையாம்?" பெரியப்பாவின் குரலில் கோபம் இல்லை. தீர்ப்புச் சொல்லப் பழகிய குரல். "உங்கட நன்மைக்குத்தானே நான் நேர போய் விசாரிச்சனான்."

"ஆரிட்ட விசாரிச்சனீங்கள், பெரியப்பா?"

"யூனிவேர்சிற்றியில."

"ஓம். யூனிவேர்சிற்றியில ஆரிட்ட?"

"பார்க்கிங்கில காசு வாங்கிற கூட்டுக்குள்ள ஒரு பெட்டை இருந்தவள். அவளும் அங்கதான் படிக்கிறாளாம். வலு விளக்கமான பிள்ளை."

"என்ன படிக்கிறா?"

"நேர்சிங்."

அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டா. "மெய்யே அத்தான்," என்றா தொலைபேசியைப் பார்த்து, "உங்கட ஒபரேசனுக்கும் பார்க்கிங்கிலயே விசாரிச்சனீங்கள்?"

அப்பா ஸ்பீக்கரை அணைத்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "இல்லை அண்ணை, இல்லை அண்ணை, அவை விளங்காமக் கதைக்கினம்," என்று சொன்னபடி நடைக்குப் போனார். அவர் மன்னிப்புக் கேட்ட குரலை நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியொரு குரலில் அவர் என்னோடு ஒருபோதும் பேசியதில்லை.

மறுநாள் பகல் பல்கலைக்கழகத்தின் பொதுத் தொலைபேசியிலிருந்து ரொறொன்ரோவுக்கு எடுத்தேன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்தில் ஒரு ஆண் பேசினார். ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வோம், புலங்கள் பாடத்தை எண்ண வாய்ப்பு அதிகம் என்றார். பேசி முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் அதைச் சொன்னேன். அப்பா, "அது இப்ப மாத்தியிருப்பினம்," என்றார்.

அந்த முறை நான் பாடத்தை விடவில்லை. புலங்களில் சித்தியடைந்தேன், இயந்திரங்களிலும். பயிற்சித் திட்டத்தில் திரும்பச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆலோசகர் எனக்காக எழுதிக் கேட்டும் பார்த்தார். அந்தக் கோடையில் கட்டுப்பாட்டு அறைக்கும் துணைமின் நிலையத்துக்கும் மற்றவர்கள் போனார்கள். நான் நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கடையில் நின்றேன். பட்டம் முடிய இன்னும் இரண்டு ஆண்டு சொச்சம் இருந்தது. முடிந்தபின்னும் மின்செலுத்துகையில் ஆள் எடுத்தவர்கள் முதலில் கேட்டது கோடைப் பயிற்சி எங்கே என்றுதான். நான் கடைசியில் வேலைக்குப் போனது லிஃப்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் இடத்துக்கு. நாங்கள் ரொறொன்ரோவுக்குப் போகவில்லை.

நான் ஒரு வருடம் பிந்திப் படித்துக்கொண்டிருந்தபோதே பெரியப்பாவின் மகன் பள்ளி முடித்து மொன்றியலுக்குப் படிக்க வந்தான். ரொறொன்ரோவில் இடம் கிடைக்கவில்லை. இங்கேதான் மின்பொறியியல் நல்லது என்று பெரியப்பா விசாரித்திருந்தார். என் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் ஒரு பாடத்தையும் விடாமல், கோடைப் பயிற்சியும் செய்து, குறித்த காலத்தில் முடித்தான்.