சீனப் பெரியவரின் சுடுதண்ணீர்

சுவிஸில், லுசேர்ண் நகர ஹோட்டல் ஒன்றில் என்னைச் சமையலறை வேலைக்கு எடுத்ததே ஒரு பேச்சுவார்த்தைக்காகத்தான். பிரித்தானிய அதிகாரிகளும் சீன அதிகாரிகளும் மேல்மாடி மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் சண்டையில் தோற்ற சீனாவிடம் பிரித்தானியா வாங்கிய இழப்பீட்டுப் பணத்தில், திருப்பிக் கொடுக்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறதாம். குசினியில் என்னோடு வேலை செய்த மன்னார்க்காரர்தான் இதை விளங்கப்படுத்தினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது. அவர்கள் பேசும்வரைதான் எனக்கு வேலை. பேச்சு முடிந்தால் எனக்குத் தங்கத் தந்த ஹோட்டல் அறையை விட்டுவிட்டு அகதி முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

குடித்த கோப்பைகளை எடுக்கப் போகும்போதெல்லாம் முகங்களைப் பார்ப்பேன். யாராவது மேசையில் தட்டிக் கதைத்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். சிரிப்புச் சத்தம் கேட்டால் முகாம் ஞாபகம் வரும்.

சீனர்கள் வெறும் சுடுதண்ணீர்தான் குடிப்பார்கள். அதைச் சூட்டுப் போத்தல்களில் நிரப்புவது என் வேலை. ஒருநாள் அவர்களுடைய தலைவர், வயதான மனிதர், இருமத் தொடங்கினார். பேசவே முடியவில்லை. கூட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாளும் கூடவில்லை. இப்படியே கலைந்து ஊருக்குப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். ஊரில் இருமலுக்கு அவிக்கும் கொத்தமல்லி என்னிடம் கொஞ்சம் இருந்தது. இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு அவித்து, வடித்து, அவருடைய அறைக்குப் போகும் போத்தலில் ஊற்றினேன்.

மன்னார்க்காரர் மணத்திலேயே பிடித்துவிட்டார்.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்? அந்தாளுக்கு ஏதும் நடந்தால் மூண்டு அரசாங்கத்துக்கு நீங்கள் பதில் சொல்லோணும்!"

"மல்லித்தண்ணிதானே..."

"ஓம், அதைப் பொலிசிட்டைச் சொல்லுங்கோ. எந்தப் பாஷையில சொல்லுவியள்?"

அன்று முழுவதும் படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் வந்தது குடித்து முடித்த வெறும் போத்தல்தான். இதே தண்ணீர் இன்னும் வேண்டுமாம்.

அடுத்த நாள் பெரியவர் இருமாமல் மண்டபத்துக்குள் போனார். காலை முழுக்க அவருடைய குரல்தான் கேட்டது. மத்தியானம் உள்ளே சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். தட்டோடு கதவடியில் நின்ற நான், பேச்சு முடிந்துவிட்டது என்று விளங்கிக் குசினிக்குத் திரும்பினேன்.

நான் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருக்கையில் குசினிக்குப் பொறுப்பானவர் வந்தார். என் அறையைப் பூட்டும் திறப்பை வெள்ளிக்கிழமை திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அந்தாளைப் பேசாமல் இரும விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுபட்டிருக்கும்" என்றார் மன்னார்க்காரர்.

"கலைஞ்சு போயிருந்தால்?"

"இப்ப மட்டும் என்ன, இருக்கப் போறாங்களோ?"

முகாமுக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.