அலேத்தைப் பெற்றவள்

லாசார் பெரோ கல்லறைப் பலகையில் தண்ணீர் தெளித்துவிட்டு, கன்னம் தரையில் படக் குப்புறப் படுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறார். தேய்ந்த எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். காலில் சாணி அப்பிய ரப்பர் பூட்ஸ். தேவாலயத்தைக் கூட்ட வந்த மதாம் ஃபூர்னியே துடைப்பத்தோடு நிற்கிறாள்.

"டாக்டரே, அந்தம்மா எங்கேயும் ஓடிடாது. எழுந்திருங்க. உங்க காலடியையும் சேர்த்து நான்தான் கழுவணும்."

"இதோ, ஆச்சு," என்கிறார். எழுந்திருக்க மாட்டார்.

பிரான்சின் பர்கண்டி மேட்டு நிலத்து வெள்ளை மாடுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். நல்ல கை. ஆனால் கவலைப் பிறவி. பிரசவம் பார்த்துவிட்டுப் பாதி தூரம் போனபின் வண்டியை நிறுத்தி, "கன்னு எழுந்து நின்னுச்சா?" என்று போன் செய்வார். தன் போன் ஒலித்தால் "ஹலோ" சொல்லமாட்டார். "என்ன ஆச்சு?" என்றுதான் எடுப்பார்.

ஓய்வு நேரமெல்லாம் அலேத் சீமாட்டிக்கு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்க் கோட்டையை ஆண்டவள். தகப்பன் போன்ஸ் பிரபு என்பதில் சந்தேகமில்லை. தாய் யார் என்பதில்தான் சண்டை. மூத்த மனைவி ஜிசேல் என்பது லாசாரின் கட்சி. இளையவள் பெயாத்ரிஸ் என்பது ஓய்வுபெற்ற பத்திர வழக்கறிஞர் கொர்தியேயின் கட்சி.

"ஊர்ல எந்தக் கன்னுக்கும் அப்பன் யாருன்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்றீங்க," என்று கொர்தியே காப்பிக் கடையில் வம்புக்கு இழுப்பார். "ஒரு பொம்பளைக்கு அம்மா யாருன்னு சொல்ல வரலையே."

"கன்னு காதுல நம்பர் வில்லை மாட்டியிருக்கும், கொர்தியே. இந்தம்மா காதைக் காட்டமாட்டேங்குது."

லாசார் நம்புவது பெயர்களை. அந்தக் காலத்தில் மூத்த பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரை வைப்பார்கள். "பெத்தவளைப் பத்திப் பேசக்கூடாதுன்னு வாயைக் கட்டினாலும், பொண்ணுக்கு வைக்கிற பேர்ல கொண்டு வந்து வெச்சிடுவா," என்பார். அலேத்தின் மூத்த பெண் சிறுவயதில் இறந்து, அம்மாவின் பக்கத்திலேயே கிடக்கிறாள். அந்தச் சின்னப் பலகைக்குத்தான் இந்தத் தண்ணீரும் டார்ச்சும்.

அவருடைய பெண் சிபில், திஜோன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைக்குழந்தையாகத் தத்தெடுத்த பெண். அதை அவளிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. பெற்றவள் தன் பெயரைச் சொல்லாமலே பெற்றுக் கொடுத்துவிட்டுப் போனவள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் சிபில் சொன்னாள்: "அப்பா, என்னைப் பெத்தவங்களைத் தேடச் சொல்லி மனு குடுத்திருக்கேன்."

லாசார் கோழித் துண்டையே பார்த்தார். "உப்பு கொஞ்சம் கம்மியோ?"

"உப்பைப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்றாள் மனைவி தெனீஸ்.

பாத்திரம் துடைக்கும்போது சிபில் விடவில்லை. "ஊர்ல இல்லாத சீமாட்டிக்கெல்லாம் அம்மாவைத் தேடுறே. எனக்கு ஒண்ணும் தோணலையா?"

துணியை மடித்தார், பிரித்தார். "உன் ரெண்டாவது பேரு நோல்வென். அது நாங்க வெச்சதில்ல. அவங்க விட்டுட்டுப் போனது. பிரெத்தோன் மொழிப் பேரு. மேற்குக் கடலோரத்துப் பொண்ணா இருக்கணும்."

"எப்போலேருந்து தெரியும்?"

"உன்னைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே தோணிச்சு."

"ஏன் சொல்லலை?"

"செத்தவங்களைப் பத்தின்னா துணிஞ்சு சொல்லிடலாம், சிபில். இவங்க எங்கேயோ உயிரோட இருக்காங்க. நான் வாயைத் திறந்து, நீ போய் நின்னு, அவங்க கதவைச் சாத்திட்டா?" துணியை மறுபடி மடித்தபடி, "சாத்தலைன்னாலும் பயம்தான்," என்றார்.

சிபில் அவர் கையிலிருந்த துணியை வாங்கி மீதித் தட்டுகளைத் துடைத்தாள்.

மனுவுக்குப் பதில் வராத மாதங்களில் அவர் இளைத்துப் போனார். சிபிலைக் கூப்பிட்டு வானிலை கேட்பார். தெனீஸ், "அவளுக்கும் ஜன்னல் இருக்கு, நமக்கும் இருக்கு," என்பாள். அந்த நாட்களில்தான் சின்னப் பலகையில் எழுத்து பிடிபட்டது. ஜிசேல் இல்லை. பெயாத்ரிஸும் இல்லை. ஓடில்.

"யாருங்க ஓடில்?" என்றார் கொர்தியே, பலகையருகே குனிந்து.

"தெரியாது."

"ரெண்டு பேர் கட்சியும் தோத்துதா?"

லாசார் டார்ச்சை அணைத்தார். வேறு நாளாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியிருப்பார். இருபது வருடமாக இரண்டு மனைவிகளை வைத்து வழக்காடியவருக்கு, மூன்றாவதாக ஒருத்தி பெற்றிருக்கலாம் என்றே தோன்றியதில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாக்கெட்டில் போன் ஒலித்தது.

"என்ன ஆச்சு?"

"பார்க்கச் சம்மதிச்சுட்டாங்களாம்ப்பா," என்றாள் சிபில். "கெம்பேர்ல. நீ சொன்ன கடலோரம்தான்."

கெம்பேருக்கு அவரே கார் ஓட்டிப் போனார். "நீயும் வா," என்று சிபில் கூப்பிட்டதற்கு, "கார் நிறுத்தின இடம் சரியில்ல," என்று உள்ளேயே இருந்துகொண்டார். மழை. சந்திக்க வரச் சொல்லியிருந்த ஓட்டலின் கண்ணாடியில் ஆவி படிந்து இரண்டு நிழல்கள்தான் தெரிந்தன. ஒரு நிழல் கையை நீட்டுவதும், உடனே இழுத்துக்கொள்வதும் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிபில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அழுதிருந்தாள். பின்னால், நீலக் கோட்டில் ஒரு பெண்மணி ஓட்டல் வாசலோடு ஒட்டி நின்றாள்.

"அவங்க பஸ் போயிடுச்சுப்பா. வீட்டுல விட்டுடலாமா?"

லாசார் காரிலிருந்து இறங்கினார். அந்தப் பெண்மணிக்குத் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லி, முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் சாவியைச் சிபிலின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.