மடவூர்ப்பாறைக்குச் சைக்கிளில்

காலை ஆறு மணிக்கு, மலையாளச் சீமைத் தலைநகரில் நாங்கள் குடியிருந்த பாளையத்திலிருந்து புறப்பட்டோம். என் கணவர் தங்கராஜுக்குச் சொந்தச் சைக்கிள் உண்டு. எனக்காக முன்கம்பி இல்லாத ஒரு சைக்கிளை ஆரியசாலையில் நாகர்கோவில்காரர் ஒருவருடைய கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். நாளுக்குப் பன்னிரண்டு அணா. அது ஐம்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். நான் அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் நேரம் போக அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், இந்த நாட்டில் ஒரு காலத்தில் பௌத்தர்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று தேடுவது.

அன்று நாங்கள் போகவிருந்த மடவூர்ப்பாறை, பாளையத்திலிருந்து வடக்கே பத்து மைலுக்குச் சற்று மேல். பெரிய கருங்கல் குன்று. அதன் பக்கவாட்டில் ஒரு கோயிலைக் குடைந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது சிவலிங்கம். ஆனால் அதற்கு முன்னால் அது பௌத்தத் துறவிகளின் இருப்பிடம் என்று பலர் சொல்கிறார்கள். அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

பட்டம் என்ற ஊரைத் தாண்டியதும் ஏற்றம். உள்ளூர் என்கிற அடுத்த ஊரின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். சேலை கட்டிய பெண் சைக்கிளில் போவதைப் பார்த்து எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"மூச்சு வாங்குதா கிரேஸ்? நிப்போமா?"

"நீங்க போங்க. நான் வாறேன்."

ஸ்ரீகாரியத்தில் பிரதான சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். இருபுறமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும் தென்னையும். செம்பழந்தியில் ஒரு சாயாக்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "எவிடேக்கா சாறே?" என்று கேட்டார். மடவூர்ப்பாறைக்கு என்று என் கணவர் சொன்னார்.

"அவிட காணான் எந்தா உள்ளது? பாற மாத்ரம். அதும் இப்போ பொட்டிச்சுத் தீர்க்குகயல்லே!"

அங்கே வெறும் பாறைதான், அதையும் உடைத்துத் தீர்க்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னதும் இவருடைய முகம் மாறிப்போயிற்று. பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்தார்.

ஒன்பது மணிக்குமேல் பாறையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். சைக்கிள்களைப் பலாமரத்தில் சாத்திவிட்டு, பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினோம். குகை சிறியது. முகப்பில் தூண்கள். உள்ளே இருட்டறையில் லிங்கம். அதன்மேல் வாடிய செத்திப்பூ. வௌவால் நாற்றம். ஒரு தூணில் பழைய எழுத்துகள் தேய்ந்து கிடந்தன. இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். "வட்டெழுத்து பாத்தியா. இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் மிச்சம் இருக்காங்க சொல்லு."

குன்றின் மறுபக்கத்திலிருந்து உளி அடிக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது. "வெடி! வெடி!" என்று யாரோ கூவினார்கள். கல் உடைக்கிற ஆண்களும் பெண்களுமாக ஓடிவந்து குகைக்குள் நுழைந்தார்கள். வெடி வைக்கும்போதெல்லாம் அவர்கள் ஒதுங்குவது இங்கேதானாம். எல்லாரும் தமிழர்கள், திருநெல்வேலிப் பக்கம். துறவிகள் இருந்த இடத்தில் நாங்களும் அவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

என் பக்கத்தில் ஒருத்தி வந்து அமர்ந்தாள். பெயர் செல்லக்கனி. இருபது வயது இருக்கும்.

"எக்கா, நீங்க எந்த ஊரு?"

"மார்த்தாண்டம்."

"அப்ப நம்ம பக்கந்தான். எங்களுக்குச் சாத்தான்குளம். மழை இல்ல, கெணத்துலயும் தண்ணி இல்ல. அதான் வந்துட்டோம்." கடைசியாக உள்ளே ஓடிவந்த ஒல்லியான ஆளைக் காட்டினாள். "அவியதான். திரி பத்த வைக்கது அவியதான்." தன் கணவனைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வெடி. குகை அதிர்ந்து மேலேயிருந்து தூள் கொட்டியது. எல்லாரும் ஆளுக்கொரு விரலை மடக்கினார்கள். இரண்டு, மூன்று, நான்கு. திரி வைத்தது ஐந்து குழிகளில். காத்திருந்தோம். ஐந்தாவது வெடிக்கவே இல்லை.

"திரி நமத்திருக்கும். முத்தையா, போய்ப் பாரு," என்றார் மேஸ்திரி. நெய்யாற்றின்கரைக்காரர், இரண்டு பாஷையும் கலந்து பேசினார்.

செல்லக்கனியின் கணவன் முத்தையா எழுந்திருக்கவில்லை. "ஒரு மணி நேரம் ஆவட்டும் மேஸ்திரி."

"ஒரு மணி நேரமா? லாரி வந்து நிக்குதுல்லா? பயமுண்டெங்கில் சொல்லு. நாளைக்கு வேற ஆளு வரும்."

என் கணவர் குறுக்கிட்டார். "கொஞ்சம் பொறுக்கப்படாதா மேஸ்திரி? ஒரு உயிருல்லா?"

"சார் கோயில் காணான் வந்ததல்லே? கோயில் கண்டால் போதும்."

முத்தையா எழுந்தான். செல்லக்கனி அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "போவாதிய," என்றாள். "இந்தா, வந்துருதேன்," என்று அதை விடுவித்துக்கொண்டு அவன் படி இறங்கினான்.

அவன் குழியை எட்டும் நேரம்தான் ஆகியிருக்கும், ஐந்தாவது வெடித்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது தொடை கிழிந்து இரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. விலாவிலும் கல் பாய்ந்திருந்தது. நினைவு இருந்தது, கண் என்னைப் பார்த்தது. கட்டுவதற்கு உறுதியாக ஏதாவது வேண்டும் என்று கத்தினேன். இவர் வாடகைச் சைக்கிளைச் சாய்த்து டயரைப் பிரித்து டியூபை உருவிக்கொண்டு வந்தார். தொடையின் மேல்பகுதியில் அதை இறுக்கிக் கட்டினேன். காலில் இரத்தம் அடங்கியது. விலாவில் என் முந்தானையைச் சுருட்டி வைத்து வலது கையால் அழுத்திக்கொண்டேன்.

லாரியில் பாதி கல் ஏற்றியிருந்தது. யாரும் மேஸ்திரியிடம் கேட்கவில்லை. பெண்கள் ஏறிக் கல்லையெல்லாம் கீழே தள்ளினார்கள். மேஸ்திரி தள்ளி நின்று பார்த்தார். பிறகு அவரும் ஏறித் தள்ளினார். சாக்கு விரித்து முத்தையாவைக் கிடத்தினோம். செல்லக்கனி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இவர் சைக்கிள்களோடு பின்தங்கினார்.

காலையில் இரண்டரை மணி நேரம் மிதித்து வந்த வழியை லாரி எவ்வளவு நேரத்தில் கடந்தது என்று எனக்குத் தெரியாது. செம்பழந்தியில் கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தது தெரியும். ஸ்ரீகாரியத்தில் முத்தையா தண்ணீர் கேட்டான். உள்ளூர் இறக்கத்தில் என் கைக்குக் கீழே மூச்சு நின்றது.

நர்ஸுக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் எதிரே செல்லக்கனி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எப்படி எடுப்பேன்? பட்டம், பாளையம் எல்லாம் வந்தன. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றதும் அவள் குனிந்து என் மணிக்கட்டைத் தொட்டாள்.

"போதும்க்கா. கை வலிக்கும். அந்த எறக்கத்துலயே போய்ட்டாவ. எனக்குத் தெரியும்."

எனக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் அழாமல் வந்திருக்கிறாள்.

இவர் பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார். ஒரு சைக்கிளை மிதித்து, டியூப் இல்லாத மற்றதை ஒரு கையால் பிடித்து இழுத்து வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரோரமாக உட்கார்ந்தார். அந்தத் தூணின் எழுத்துகளைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சிதறால் மலை இருக்கிறது. அது சமணர்களுடையது. பாறையில் செதுக்கிய உருவங்கள் வரிசையாக உண்டு. மேலே போனால் காற்றும், கீழே தெரியும் எங்கள் ஊர்த் தாமிரவருணி ஆறும்தான். உளி ஓசை கிடையாது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது இருவரும் அங்கே ஏறினோம். பாதி வழியில், கீழே தோப்பில் யாரோ தேங்காய்க் குலையை வெட்டித் தள்ளிய சத்தம் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உச்சிவரை போகாமலேயே இறங்கி வந்தோம்.