கல்வெட்டில் நான் சேர்த்த வரி

செத்தவர்களைப் பற்றி எழுதுவதுதான் இப்போது என் வேலை. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அதைக் கல்வெட்டு என்பார்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றேன். வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அந்த வாழ்க்கை வரலாறுகளை எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். கத்தோலிக்கக் குடும்பங்களும் வரும். அவர்களுக்கு அது நினைவு மலர்.

எழுத்து விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன். "அன்னார் எல்லோரோடும் அன்பாகப் பழகினார்" என்பதைக் கண்டாலே எரிச்சல் வரும். ஆயுள் முழுக்க அயல்வீட்டோடு சண்டை பிடித்தவரையும் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். நான் அதை வெட்டிவிட்டு, வாசிக்கிறவர் ஒரு கணம் நிற்கக்கூடிய ஒரு வரியாவது போட்டுக் கொடுப்பேன். என் வரிகளை ஆட்கள் செத்த வீடுகளில் சொல்லிக் காட்டுவதாகக் கேள்விப்பட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில் இருக்காது.

அந்த மாதம் வெளிநாடொன்றில், தரையிறங்க வந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தோடு ஒரு சின்னத் தனியார் விமானம் வானத்தில் மோதியது. இரண்டும் விழுந்தன. ஒருவரும் தப்பவில்லை. பெரிய விமானத்தில் கொட்டாஞ்சேனைத் தம்பதி ஒன்று இருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள். அதனால் கொழும்பில் நாங்கள் இருக்கும் பக்கமெல்லாம் இதே கதைதான். சின்ன விமானத்தில் இருந்தது அதை ஓட்டிய ஒருவன் மட்டும். குடும்பம் கேட்டுக்கொண்டபடியால் அவனுடைய பெயரை அந்த நாட்டுப் பொலிஸ் வெளியிடவில்லையாம். பெயர் இல்லாத ஒருவனை ஏசுவது எவ்வளவு சுகம். மீன்கடையில் ஏசினார்கள், முச்சக்கர வண்டிக்காரர் சிங்களத்தில் ஏசினார், எங்கள் மாடிவீட்டு லிஃப்டுக்குள் நான் ஏசினேன். சல்லி கூடிப்போனால் வானமும் இவர்களுக்கு விளையாட்டு மைதானம்தான் என்று சொன்னேன். லிஃப்டில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தம்பதியின் நினைவு மலர் என்னிடம்தான் வந்தது. மகள் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறவள். வேலை முடிந்து களைத்துப் போய் வந்து, தான் எழுதிய இரண்டு பக்கத்தைத் தந்தாள். "விமான விபத்தில் இறைவனில் இளைப்பாறிய எமது பெற்றோர்" என்று தொடங்கியிருந்தாள். எனக்கு அது சப்பென்று இருந்தது. அதை அடித்துவிட்டு, "எவனோ ஒருவனின் வான் விளையாட்டுக்கு இரையான எம் அன்புப் பெற்றோர்" என்று போட்டேன். அவள் வாசித்துவிட்டுத் தலையை அசைத்தாள். அவள் மனம் நிறைந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். ஓய்வு பெற்ற தாதி, கணவர் இல்லை. அவருடைய ஒரே மகனும் அதே மாதம் வெளிநாட்டில் காலமாகியிருந்தான். கார் விபத்து என்றார். விசா கிடைக்காதபடியால் போக முடியவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் அங்கே எல்லாம் செய்து முடித்தார்களாம். நான் மூன்று தரம் துக்கம் விசாரிக்கப் போனேன். எங்கள் வழக்கத்தில், வருகிற ஒவ்வொருவரும் என்ன நடந்தது என்று கேட்பார்கள், வீட்டுக்காரர் தொடக்கத்திலிருந்து சொல்லுவார்கள். பத்துத் தரம், நூறு தரம் சொல்லுவார்கள். சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பாரம் இறங்கும். இவரோ கார் விபத்து என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். எனக்கு உள்ளுக்குள் கோபம். பெற்ற பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல மனம் வராத தாய் இருப்பாளா என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டு, மகனுக்கும் ஒரு கல்வெட்டு எழுதித் தரச் சொன்னார். நான் எழுதப் போகும்போது மாதிரிக்கு ஒன்றிரண்டைக் கொண்டுபோவது வழக்கம். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், படம் எங்கே வரவேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்லுவார்கள். அன்றைக்கு என் பையில் கொட்டாஞ்சேனைத் தம்பதியின் புரூஃப் இருந்தது. அண்மையில் செய்ததில் அதுதான் வடிவாக வந்திருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முதல் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கனநேரம் அதிலேயே இருந்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, இதை அந்தக் குடும்பம் எழுதித் தந்ததா என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன். வடிவாக எழுதியிருக்கிறீர் என்று சொல்லிப் புரூஃபை மடித்து மேசையில் வைத்தார்.

மகனுடைய விபரங்களைக் கேட்டேன். பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், வேலை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இறந்த திகதியைச் சொன்னார். எழுதினேன். முந்தின நாள்தான் அந்தத் தம்பதியின் புரூஃபில் அதே திகதியை இரண்டு தரம் சரிபார்த்த கை இது. பேனை அப்படியே நின்றுவிட்டது. ஊரும் அதே ஊர். நிமிர்ந்தேன்.

"ஓம் தங்கச்சி," என்றார் அக்கா. "நீர் எழுதின அந்த எவனோ ஒருவன் என்ர மகன்தான்."

மன்னிப்பு என்று ஏதோ உளறத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மகன் மூன்று வருடமாக விமானம் ஓட்டப் பழகினவனாம். பணக்காரனில்லை. சனி ஞாயிறில் கூடுதல் வேலை செய்து, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு பழைய விமானத்தை வைத்திருந்தவன். இதை அக்கா இங்கே ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நாவூறு படும் என்ற பயம். பிள்ளை பிளேன் ஓட்டுகிறான் என்று வெளியே சொன்னால் நாலு கண் படும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். செய்தி வந்த அன்று, எல்லோரும் ஏசுவதைக் கேட்டபின் கார் விபத்து என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார். லிஃப்டில் நான் சொன்னதும் அவருடைய காதுக்குப் போயிருந்தது. அதை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன?

யாருடைய பிழை என்று இன்னும் தெரியாதாம். விசாரணை முடிய வருடக் கணக்காகும் என்று கடிதம் வந்திருந்தது. அவனுடைய பிழையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று அக்கா தானே சொன்னார். அந்த நாட்டு வல்லுநர்களே முடிவு சொல்லாத விஷயத்துக்கு நான் அரைப்பக்கத் தாளில் தீர்ப்பு எழுதியிருந்தேன். வெட்கத்தில் அந்த இடத்திலேயே கரைந்து போகலாம் போல இருந்தது.

அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், அது அவர்களுடைய துக்கம், அதில் கை வைக்காதீர் என்றார். ஆனால் வரி அவர்களுடையது இல்லையே. அது என்னுடையது.

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதலில் அச்சகத்துக்குப் போய் நிறுத்தி வைக்கச் சொன்னேன். பிறகு ஃபார்மசிக்குப் போய் அந்த மகளை வெளியே கூப்பிட்டேன். ஒரு வரி மாற்ற வேண்டும் என்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படாமல் என்ன செய்வாள்? நாள் நெருங்குகிறது, எல்லாம் சரியென்று சொன்னது நீங்கள்தானே அன்ரி என்றாள். அந்தச் சின்ன விமானத்தில் இருந்தவனுக்கும் ஒரு தாய் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இங்கேயா என்று கேட்டாள். நான் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பினேன். அதுவே பதிலாகிவிட்டது.

மருந்துப் பெட்டிகளோடு ஓர் ஆள் எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"நான் விபத்து எண்டுதானே எழுதித் தந்தனான்," என்றாள். "அதையே திருப்பிப் போடுங்கோ. ஆனா அவவைப் பார்க்க என்னைக் கூப்பிட வேண்டாம், அன்ரி. என்னால ஏலாது."

கூப்பிட மாட்டேன் என்றேன். அவளுடைய கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது, பிடிக்கவில்லை. அந்த உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மகனுடைய கல்வெட்டில் என்ன எழுதுவது என்று அக்காவைக் கேட்டேன். உள்ளதை எழுதச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், படித்தபின் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் உங்களோடு கதைக்காமல் விடலாம் என்றேன். இப்போது மட்டும் என்ன, அவர்கள் என் மகனைப் பற்றியா என்னோடு கதைக்கிறார்கள், கார் விபத்தில் செத்த வேறு யாரையோ பற்றியல்லவா கதைக்கிறார்கள் என்றார். நான் எட்டுத் தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஓர் அலங்காரமும் இல்லாமல், அவன் விமானம் ஓட்டியதையும், அது இன்னொரு விமானத்தோடு மோதியதையும், அதில் பலர் இறந்ததையும், அவனும் இறந்ததையும் எழுதினேன். நான் எழுதியதிலேயே ஆகச் சப்பென்ற பக்கம் அதுதான். அதில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்குத் துணிவில்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் கிரியைகளை முடித்துப் போனபின் ஆட்கள் சாப்பிட வந்தார்கள். வாசலில் அக்காவே நின்று ஒவ்வொருவர் கையிலும் கல்வெட்டைக் கொடுத்தார். கதிரையில் இருந்து வாசித்தார்கள். சிலர் அதை மடித்துக் கைப்பையில் வைத்தார்கள். சிலர் சாப்பாட்டுத் தட்டோடு பால்கனிப் பக்கம் ஒதுங்கினார்கள். லிஃப்டில் எனக்குத் தலையாட்டியவர்களில் இரண்டு பேர் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்கள். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை என்பது அன்றைக்கு அவர்களுக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

ஒருவராவது கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் முழுக்கக் கார் விபத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்ட அத்தனை பேரும், உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பருப்புக் கறியின் ருசியைப் பற்றிக் கதைத்தார்கள். அக்கா வெறுங்கையோடு சுவரோரக் கதிரையில் இருந்தார். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிறகுதான் உறைத்தது, நானும் இன்னும் கேட்கவில்லை என்பது.

கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் இருந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டேன்.

"என்ன நடந்தது, அக்கா?"

உமக்குத் தெரியும்தானே என்றார். தெரியும், ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவர் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"காலமை போன் எடுத்தவன். அம்மா, இண்டைக்கு வானத்தில முகிலே இல்லை, இறங்கின உடன எடுக்கிறன் எண்டவன். நான் போனையும் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான், தங்கச்சி. சோறு ஆறிப்போச்சு. நான் நிண்டுகொண்டே இருந்தனான்."