பேப்பர் கடைத் தராசும் நாலு இட்லியும்

போன வருஷம் மே மாதம், கே.கே. நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. என் கணவர் தொழில்முறை பாக்ஸர். ஐம்பது கிலோ எண்ணூறு கிராமுக்கு மேல் போகக் கூடாத பிரிவு. சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். கூடினால் சண்டையே ரத்து. முப்பத்திரண்டு வயதில் இன்னொரு வாய்ப்பு வருமா என்பதே சந்தேகம்.

மூன்று வாரமாக மனுஷன் வெந்த காய்கறியும் முட்டை வெள்ளையும்தான். நான் எதையாவது தாளித்தால் போதும், "வாசனை வுடாதமே, கடுப்பா கீது" என்று எரிந்து விழுவார். அந்த நேரம் பார்த்து வீட்டு எடை மெஷின் உயிரை விட்டது.

எடை பார்ப்பதற்கு முந்தின சாயங்காலம், ஆதம்பாக்கத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். அவ்வளவு தூரம் யார் போவது என்று, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிவிட்டேன். ஐம்பது கிலோ இருநூறு! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் அறுநூறு கிராம் கீதுய்யா, சாப்புடு" என்று நாலு இட்லியும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தேன்.

மறுநாள் அடையாறில் அதிகாரிகள் எடை பார்த்தபோது ஐம்பத்தொன்று நானூறு காட்டியது. கோச் என்னை முறைத்த முறை இருக்கிறதே! எடையைக் குறைக்க இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில், கொளுத்தும் வெயிலில், வேர்வை கொட்டுவதற்காக ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடினார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். திட்டவாவது செய்யலாம் இல்லையா? ம்ஹூம். "எதுனா சொல்லித் தொலைய்யா" என்று கத்தினேன்.

"எச்சி துப்பிக்கினு கீறேன், பேச்சு குடுக்காத" என்றார். அதுவும் எடை குறைக்கத்தானாம்.

சரியாக ஐம்பது எண்ணூறில் வந்து நின்றது. சண்டையில் ஐந்து ரவுண்டு நன்றாகத்தான் ஆடினார். கடைசி ரவுண்டான ஆறாவதில் கால் ஓய்ந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

ஆத்திரம் தாங்காமல் பேப்பர் கடைக்காரரிடம் பாய்ந்தேன். அவர் கட்டுக் கட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "எப்பவும் எடை கொறையுதுன்னு நீதானக்கா சண்ட போடுவ? அப்பால ஏன் அவர ஏத்துன?"

மாதாமாதம் பேப்பர் போடும்போது அந்தத் தராசோடு மல்லுக்கு நிற்பவள் நானேதான். இப்போதும் என் காதுக்கு இனிப்பாக யாராவது ஏதாவது சொன்னால், உடனே நம்பாமல், அந்த நாலு இட்லியை நினைத்துக்கொள்கிறேன்.